கை வச்சுப் பாரு

மோட்டாரைப் பரிசோதிக்க அப்பாவிடம் இரண்டு கருவிகள் இருந்தன. ஒன்று டாங் டெஸ்டர். ஓடுகிற வயரைக் கவ்விப் பிடித்தால் எத்தனை ஆம்பியர் இழுக்கிறது என்று காட்டும். இன்னொன்று அவருடைய வலது உள்ளங்கை. டாங் டெஸ்டரை வாடிக்கையாளர் பார்க்க வேண்டும் என்பதற்காக எடுப்பார். கையைத் தனக்காக வைப்பார்.

செங்கல்பட்டு ராட்டினங்கிணறு பக்கம் ஒரு சந்தில் எங்கள் காயில் கட்டும் கடை. பாலாற்றுப் பக்கத்து ஊர்களிலிருந்து எரிந்துபோன மோட்டார்கள் வரும். பழைய காயிலைப் பிய்த்தெடுத்து, ஸ்லாட்டுகளைச் சுத்தம் செய்து, இன்சுலேஷன் பேப்பர் வைத்து, புதுச் செம்புக் கம்பி சுற்றி, வார்னிஷ் ஊற்றிக் காயவைத்து ஓட்டிப் பார்ப்பார். அரை மணி நேரம் ஓடிய பிறகு பாடியின் மேல் கையை வைத்து மனசுக்குள் எண்ணுவார். பத்து எண்ணும்வரை வைத்திருக்க முடிந்தால் மோட்டார் தேறிவிட்டது. நாலிலேயே கையை எடுத்துவிட்டால் எங்கேயோ தப்பு.

"சூடா இருக்கிற இடத்துல கரண்ட் வீணாவுது. நீ குடுத்த கரண்ட் தண்ணியா வெளிய வரணும். சூடா வந்தா அது நஷ்டம்."

இயற்பியலில் நான் கற்றுக்கொண்ட முதல் பாடம் இது. அது இயற்பியல் என்று அப்போது யாரும் சொல்லவில்லை.

இப்போது நான் எலெக்ட்ரான் முடுக்கிகளை வடிவமைக்கும் ஆராய்ச்சியில் ஆறாவது வருடம். வெளியூரில் ஓர் ஆய்வகம். ஊருக்கு வரும்போதெல்லாம் "என்னம்மா பண்ற அங்க?" என்று யாராவது கேட்பார்கள். எலெக்ட்ரானை வேகமா ஓட்டுற மெஷின் செய்யறோம் என்பேன். அதற்குமேல் யாரும் கேட்பதில்லை. அப்பா மட்டும் ஒருமுறை கேட்டார்.

"எவ்ளோ கரண்ட் இழுக்கும்?"

என் மேஜையில் எல்லா எண்களும் இருந்தன. அந்த ஒரு எண் மட்டும் இல்லை.

*

எலெக்ட்ரான் முடுக்கி என்றால் ஏதோ அந்நியமான பொருள் போலத் தோன்றும். ஆனால் 2006-ல் தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தில் தமிழ்நாட்டு அரசு வீடுவீடாக முடுக்கிகளைத்தான் கொடுத்தது. அந்த 14 அங்குலப் பெட்டியின் பின்னால், பிக்சர் டியூப்பின் கழுத்தில் ஓர் எலெக்ட்ரான் துப்பாக்கி இருக்கும். சூடான முனையிலிருந்து எலெக்ட்ரான்கள் கிளம்பும். இருபதாயிரம் வோல்ட்டுக்கு மேல் உள்ள மின்னழுத்தம் அவற்றை இழுக்கும். கழுத்திலிருந்து திரைக்குப் போகிற அந்த ஒரு சாண் தூரத்தில் அவை ஒளியின் வேகத்தில் கால் பங்கைத் தாண்டிவிடும். வழியில் கம்பிச்சுருள்கள் அவற்றை மேலும் கீழும் வளைக்கும். திரையில் மோதுகிற இடம் ஒளிரும். நாங்கள் சீரியல் பார்த்தோம்.

எங்கள் வீட்டுப் பெட்டி கெட்டபோது அப்பா மூடியைக் கழற்றினார். நான் கிட்டே போனேன். "தள்ளி நில்லு. ஆஃப் பண்ணாலும் டியூப் அடிக்கும்" என்றார். இணைப்பைப் பிடுங்கிய பிறகும் அந்தக் கண்ணாடி மின்னூட்டத்தைத் தேக்கி வைத்திருக்கும்.

இருபதாயிரம் வோல்ட்டில் தொலைக்காட்சி ஓடும். கோடி வோல்ட் வேண்டுமென்றால் ஒரே இழுப்பில் கொடுக்க முடியாது, இடையில் பொறி பறந்துவிடும். அதனால் சிறிது சிறிதாகத் தள்ள வேண்டும். வரிசையாக அடுக்கிய செம்பு அறைகளுக்குள் மின்காந்த அலையை அடைக்கிறோம். எலெக்ட்ரான் ஒவ்வோர் அறைக்குள் நுழையும்போதும் அலை அதை முன்னால் தள்ளுகிற நிலையில் இருக்கும்படி நேரம் பிசகாமல் வைக்கிறோம். ஊஞ்சலைத் தள்ளுகிறவர் சரியான நொடியில் கை வைப்பது மாதிரி. பெரிய மருத்துவமனைகளில் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு கொடுக்கிற லீனியர் ஆக்ஸிலரேட்டர் இதே சாதனம்தான். நோயாளியைச் சுற்றிவருகிற அந்தத் தலைக்குள் ஒரு குட்டி எலெக்ட்ரான் முடுக்கி இருக்கிறது. என் அத்தை முப்பது நாளுக்கு மேல் அதன் கீழே படுத்திருந்தாள். இன்றைக்கும் எங்களுக்கு மணத்தக்காளி வற்றல் போட்டு அனுப்புகிறாள்.

ஆராய்ச்சிக்கான முடுக்கிகளின் பயனும் சிறிதல்ல. சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன் ரைபோசோமின் அமைப்பைக் கண்டு 2009-ல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். அந்த அமைப்பைப் படமெடுக்கத் தேவைப்பட்ட எக்ஸ்-கதிர்கள், வளையத்துக்குள் சுற்றுகிற எலெக்ட்ரான்களிலிருந்து வந்தவை. நம் நாட்டில் இந்தூரில் அப்படி இரண்டு வளையங்கள் உண்டு. 1999-ல் ஓடத் தொடங்கிய இண்டஸ்-1 கிட்டத்தட்ட 19 மீட்டர் சுற்றளவுதான். ஒரு கல்யாண மண்டபத்துக்குள் அடங்கிவிடும். 2005-ல் வந்த இண்டஸ்-2 சுற்றளவில் 172 மீட்டர், 250 கோடி எலெக்ட்ரான்வோல்ட் ஆற்றல்.

ஆகவே "இது எதுக்கு?" என்ற கேள்விக்கு என்னிடம் பதில் இருந்தது. "எவ்ளோ இழுக்கும்?" என்பதற்குத்தான் இல்லை.

*

அந்தக் கேள்வி அப்பாவின் வாயில் எப்படி வந்தது என்று சொல்ல 2012-க்குப் போக வேண்டும். நான் அப்போது பிளஸ் டூ. தமிழ்நாடு முழுக்க மின்பற்றாக்குறை. சென்னையில் நாளுக்கு இரண்டு மணி நேரம் கரண்ட் போகும். செங்கல்பட்டு அப்போது காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருந்தது, சென்னைக்கு வெளியே. பல நாள் பத்து மணி நேரத்துக்கு மேல் கரண்ட் இருக்காது. கடற்கரையிலிருந்து வருகிற மின்சார ரயில் மட்டும் உள்ளே விளக்கெரிய கொளவாய் ஏரியோரம் வளைந்து ஸ்டேஷனுக்கு வரும். நாங்கள் மொட்டை மாடியிலிருந்து பார்ப்போம். வெளிச்சமாக ஓர் ஊர் நகர்ந்து வந்து நிற்கிற மாதிரி இருக்கும்.

அப்பாவின் தொழிலுக்குக் கரண்ட்தான் உயிர். சுற்றிய காயிலை ஓட்டிப் பார்க்க முடியாமல் மோட்டார்கள் வாசலில் வரிசையில் நிற்கும். இன்னொரு பக்கம், வோல்டேஜ் தாழ்ந்து தாழ்ந்து வந்ததால் வழக்கத்தைவிட அதிகமான மோட்டார்கள் எரிந்தன. வேலை வந்தது, செய்ய முடியவில்லை.

சதுரங்கப்பட்டினத்தில் சித்தி வீடு. அங்கே போனால் மாடியிலிருந்து கல்பாக்கம் அணுமின் நிலையத்தின் விளக்குகள் தெரியும். சித்தியின் தெருவில் இருட்டு. ஒரு ராத்திரி நான் கோபமாகக் கேட்டேன்: "இவ்ளோ பக்கத்துல செய்யறாங்க, இங்கயே இல்லையே?"

அப்பா விசிறியால் கொசுவை விரட்டிக்கொண்டே சொன்னார்: "அது இங்க செய்யறதுதான், இங்கத்துது இல்ல. எல்லாம் கிரிட்ல போய்ச் சேருது. பல மாநிலம் பங்கு போட்டுக்குது. யாரோ ஒருத்தன் அதிகமா இழுத்தா யாருக்கோ கொறையும். அவ்ளோதான்."

அங்குள்ள இரண்டு உலைகளும் தலா 220 மெகாவாட். அந்த எண்ணை அன்றைக்குத்தான் மனப்பாடம் செய்தேன். பின்னால் எந்த எண்ணைப் படித்தாலும் அதை வைத்தே அளக்கிற பழக்கம் வந்துவிட்டது. ஜெனீவா அருகே உள்ள சேர்ன் ஆய்வகம் முழுவீச்சில் ஓடும்போது இழுப்பது ஏறத்தாழ 200 மெகாவாட். கல்பாக்கத்தின் ஓர் உலை. எங்கள் கடைக் கணக்கில் சொன்னால் ஐந்து ஹெச்.பி. மோட்டார்கள் ஏறத்தாழ ஐம்பதாயிரம். ஐரோப்பாவில் எரிசக்தி நெருக்கடி வந்த 2022-ல் சேர்ன் தன் வருட ஓட்டத்தை இரண்டு வாரம் முன்னதாகவே நிறுத்திக்கொண்டது. குளிர்காலத்தில் வீடுகளுக்கு மின்சாரம் வேண்டும் என்பதற்காக. அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்குச் சித்தி வீட்டு மாடி ஞாபகம் வந்தது.

*

என் வடிவமைப்பைப் பற்றிச் சொல்கிறேன். சிறிய முடுக்கி, இரண்டு கோடி எலெக்ட்ரான்வோல்ட். பல்கலைக்கழகத்தில் ஓர் அறைக்குள் வைத்து மாணவர்கள் சோதனை செய்யக்கூடியது. முதலில் முடுக்கும் பகுதி 2 மீட்டர் இருந்தது. ஒன்றரை வருடம் கணினியில் அறைகளின் வடிவத்தை மாற்றி மாற்றி அதை 1 மீட்டருக்குக் கொண்டுவந்தேன். ஒரு கருத்தரங்கில் போஸ்டர் வைத்தபோது பலரும் நின்று பார்த்தார்கள். 'கச்சிதம்' என்ற சொல் எங்கள் துறையில் இப்போது நன்றாக விலைபோகிறது. சிறியது என்றாலே மலிவானது, சிக்கனமானது, எல்லாருக்கும் எட்டக்கூடியது என்று கேட்பவர் மனதில் ஒன்றன்பின் ஒன்றாக வந்துவிடும். எனக்கும் அப்படித்தான் வந்தது.

போன பொங்கலுக்கு வந்திருந்தபோது கடையில் உட்கார்ந்து அப்பாவுக்குப் படம் வரைந்து காட்டினேன். பாதி நீளம் ஆக்கிட்டேன்ப்பா என்றேன். அவர் படத்தைப் பார்க்கவில்லை. ஸ்டேட்டரிலிருந்து கருகிய கம்பியைப் பிடுங்கிக்கொண்டிருந்தார்.

"சின்ன பாடில பெரிய ஹெச்.பி. எடுக்கணும்னா காயில் காயும். உன்னுது எப்படி, காயலையா?"

"செம்புல தண்ணி சுத்த விட்டிருக்கோம்."

"தண்ணிய யாரு குளிர வைக்கறா?"

"சில்லர் இருக்கு."

"அது எங்க?"

"பக்கத்து ரூம்ல."

அப்பா சிரித்தார். "அப்ப சின்னதா ஆக்கல. பக்கத்து ரூமுக்குத் தள்ளிட்டே."

அன்று ராத்திரி தூங்காமல் கணக்குப் போட்டேன். கணக்கு கஷ்டமானதே இல்லை. அதே ஆற்றலைப் பாதித் தூரத்தில் கொடுக்க அலையின் வலிமை இருமடங்காக வேண்டும். செம்புச் சுவரில் வீணாகும் சூடு வலிமையின் இருபடியாக ஏறும், அதாவது மீட்டருக்கு நான்கு மடங்கு. நீளம் பாதி. ஆக மொத்தச் சூடு இரண்டு மடங்கு. என் 2 மீட்டர் வடிவத்துக்கு ஒவ்வொரு துடிப்பிலும் சுவர் தின்னும் திறன் 3.3 மெகாவாட். 1 மீட்டரில் 6.7. துடிப்பு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரம்தான் இருக்கும் என்பதால் சராசரி 6.7 கிலோவாட். அலையை உண்டாக்கும் கிளைஸ்ட்ரான் குழாய் தனக்குக் கொடுத்ததில் 40 சதவீதத்தைத்தான் அலையாக மாற்றும். அதற்கு உயர் அழுத்தம் கொடுக்கும் சாதனம் கொஞ்சம் தின்னும். சில்லர் தன் பங்குக்கு ஐந்து கிலோவாட். கூட்டினால் சுவரில் உள்ள பிளக்கிலிருந்து 25 கிலோவாட்.

எலெக்ட்ரான் கற்றையில் வெளியே வருவது 200 வாட்.

காலையில் அப்பாவிடம் சொன்னேன். அவர் நான் சொன்ன இரண்டு எண்களையும் கடைப் பேரேட்டின் ஓரத்தில் எழுதி வகுத்துப் பார்த்தார். "நூத்துக்கு ஒண்ணு கூட வரல. நான் காயில் கட்டின மோட்டார் நூத்துக்கு எண்பது குடுக்கும்" என்றார். அவர் என்னைக் குறைத்துச் சொல்லவில்லை. எரிந்த மோட்டாரைக் கொண்டுவந்தவரிடம் பேசுகிற அதே குரல்.

எனக்குக் குத்தியது சதவீதம் அல்ல. ஆராய்ச்சி முடுக்கிகளில் அந்த மாதிரி எண் புதிதல்ல. ஆறு வருடத்தில் அதை நான் ஒருமுறைகூடக் கணக்கிட்டுப் பார்க்கவில்லை என்பதுதான் குத்தியது. 2012-ல் மெழுகுவத்தியில் படித்த பெண் நான்.

*

அதற்குப் பிறகு எதைப் படித்தாலும் பக்கத்து அறையைத் தேட ஆரம்பித்தேன்.

கச்சிதத்தில் மன்னர்கள் பிளாஸ்மா முடுக்கிகள். 1979-ல் தாஜிமாவும் டாசனும் கொடுத்த யோசனை. செம்புக்குப் பதிலாக, ஏற்கெனவே அயனியாகிவிட்ட வாயுவுக்குள் ஒரு லேசர் துடிப்பைச் செலுத்தினால், படகு போனபின் எழும் அலை போல ஒரு மின்னலை எழும். அதன்மீது எலெக்ட்ரான் சறுக்கிப் போகலாம். பிளாஸ்மா ஏற்கெனவே உடைந்த பொருள், இனி அதில் பொறி பறந்து கெட ஒன்றுமில்லை. லேசருக்குப் பதில் இன்னொரு எலெக்ட்ரான் கற்றையையும் அனுப்பலாம். கலிஃபோர்னியாவின் ஸ்லாக் ஆய்வகத்தில், மூன்று கிலோமீட்டர் ஓடி 4,200 கோடி எலெக்ட்ரான்வோல்ட் பெற்ற கற்றையில் சில எலெக்ட்ரான்கள், 85 சென்டிமீட்டர் பிளாஸ்மாவுக்குள் அந்த ஆற்றலை இரட்டிப்பாக்கிக்கொண்டன. 2007-ல் வெளியான முடிவு. பெர்க்லியில் 2019-ல் லேசரை வைத்து 20 சென்டிமீட்டரில் 780 கோடி எலெக்ட்ரான்வோல்ட் எட்டினார்கள். படிக்கும்போது உடம்பு சிலிர்க்கும். ஆனால் பக்கத்து அறையில் அந்த லேசர் இருக்கிறது. இன்றைய பெரிய லேசர்கள் பிளக்கிலிருந்து எடுப்பதில் நூற்றில் ஒரு பங்கைக்கூட ஒளியாகக் கொடுப்பதில்லை. சிறியதும் சிக்கனமானதும் ஒன்றல்ல. ஒன்றை அடைந்தவர்கள் இன்னொன்றுக்காக இன்னமும் உழைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

பெரிய வளையங்களில் சிக்கல் வேறு. எலெக்ட்ரானை வளைத்தால் அது ஒளியைச் சிந்தும். வெங்கி ராமகிருஷ்ணனுக்கு உதவியது அந்த ஒளிதான். துகள்களை மோதவிட நினைப்பவருக்கோ அதே ஒளி நஷ்டம். எலெக்ட்ரான் புரோட்டானைவிட 1,836 மடங்கு இலேசானது. ஒரே ஆற்றலில், ஒரே வளைவில், புரோட்டானைவிட பத்து லட்சம் கோடி மடங்குக்கு மேல் சிந்தும். சேர்னில் 27 கிலோமீட்டர் சுற்றளவில் ஓடிய பழைய எலெக்ட்ரான் வளையத்தில்கூட, உச்ச ஆற்றலில் ஒவ்வொரு சுற்றுக்கும் நூற்றில் மூன்று பங்கு போல இழந்துகொண்டிருந்தது. அடுத்ததாகத் திட்டமிடும் வளையம் ஏறத்தாழ 91 கிலோமீட்டர். அதில் கற்றைகள் ஒளியாகச் சிந்துவதை ஈடுகட்ட மட்டும் 100 மெகாவாட். கல்பாக்கத்தின் ஓர் உலையில் கிட்டத்தட்ட பாதி.

இந்தூரில் நடந்த ஒரு மாற்றம் எனக்கு நம்பிக்கை கொடுத்தது. இண்டஸ்-2-க்கு முதலில் அலை கொடுத்தவை வெளிநாட்டுக் கிளைஸ்ட்ரான்கள். அவற்றுக்குப் பதிலாக டிரான்சிஸ்டர்களால் ஆன சிறுசிறு பெருக்கிகளை அங்கேயே செய்து அடுக்கினார்கள். ஒன்று எரிந்தால் மற்றவை ஓடும். எரிந்ததைக் கழற்றி மாற்றலாம். அப்பாவிடம் சொன்னபோது முதல்முறையாக ஆர்வமாகத் திரும்பினார். "அப்ப பிரிச்சுப் பாக்கலாம்னு சொல்லு."

*

ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவும் நானும் சித்தி வீட்டுக்குப் போய்விட்டு மாமல்லபுரம் வழியாகத் திரும்புவது என்று கிளம்பினோம். திருக்கழுக்குன்றம் போகிற பஸ். காலை ஏழரை மணிக்கு எங்களையும் சேர்த்து ஆறு பேர்.

"இந்த வண்டி இப்ப எவ்ளோ டீசல் குடிக்குமோ ஐம்பது பேர் ஏறினாலும் கிட்டத்தட்ட அவ்ளோதான்" என்றார் அப்பா.

என் முடுக்கியும் அப்படித்தான் என்று பஸ்ஸில்தான் உறைத்தது. செம்புச் சுவர் தின்பது தின்றுகொண்டே இருக்கும், உள்ளே எலெக்ட்ரான் குறைவாகப் போனாலும் சரி, அதிகமாகப் போனாலும் சரி. நான் ஓட்டுவது காலி பஸ். கற்றையைக் கூட்டினால் நஷ்ட விகிதம் குறையும். அதற்குப் பயணிகளும் வேண்டும், அதாவது அந்தக் கற்றையைப் பயன்படுத்த ஆட்கள். இரண்டு துறைகள் சேர்ந்து ஒரு முடுக்கியைப் பகிர்ந்துகொண்டால் அதுவே சிக்கனம். அந்த வழி என் கணினியில் கிடைத்திருக்காது.

சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக் கோட்டையைத் தாண்டிக் கடற்கரைக்குப் போனோம். வடக்கே அணுமின் நிலையம். அந்த வளாகத்தில் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்திலும் ஒரு முடுக்கி இருக்கிறது. 17 லட்சம் வோல்ட், எலெக்ட்ரானுக்கல்ல, அயனிகளுக்கு. உலைக்குள் நியூட்ரான்கள் பல வருடம் அடித்து எஃகில் உண்டாக்கும் சேதத்தை, அயனிகளால் அடித்து வெகு சீக்கிரமே உண்டாக்கிப் பார்க்கிறார்கள். இந்தக் கரையில் முடுக்கிக்குக் கிடைத்திருக்கும் வேலை, வருடங்களைக் குறுக்கிக் காட்டுவது.

மணலை அள்ளினேன். இந்தக் கடற்கரை மணலில் மோனசைட் கலந்திருக்கிறது. அதில் தோரியம் உண்டு என்பது எல்லாருக்கும் தெரியும், நியோடிமியமும் உண்டு. நியோடிமியத்தால் செய்கிற காந்தம் நிலைக்காந்தம். கரண்டே வேண்டாம்.

"ஸ்பீக்கர்ல இருக்குமே, அதானே?" என்றார் அப்பா.

அதேதான். முடுக்கிகளில் கற்றையை வளைக்கவும் குவிக்கவும் வழக்கமாக மின்காந்தங்கள் வைப்போம். அவை இரவும் பகலும் செம்பைக் காயவைத்துக்கொண்டிருக்கும். பிரான்சில் கிரனோபிள் நகரத்து எக்ஸ்-கதிர் வளையத்தைப் புதுப்பித்து 2020-ல் திறந்தபோது, கற்றையை வளைக்கும் முக்கியக் காந்தங்களை நிலைக்காந்தங்களாக மாற்றியிருந்தார்கள். நியோடிமியத்தைத் தோண்டிப் பிரிக்கிற இடத்திலும் நஷ்டம் உண்டு. அதுவும் ஒரு பக்கத்து அறைதான். ஆனாலும் அது ஒருமுறை கொடுக்கும் விலை.

மாமல்லபுரத்தில் சிற்பக் கூடங்களைத் தாண்டி நடந்தோம். ஞாயிற்றுக்கிழமையும் கிரைண்டர் சத்தம். ஓர் இடத்தில் அப்பா நின்று, ஓய்ந்திருந்த ஒரு கிரைண்டரின் மேல் கேட்காமலே கையை வைத்தார். சிற்பி முறைத்தார். "கார்பன் பிரஷ் தேஞ்சிருக்கு, மாத்திடுங்க" என்றார் அப்பா. பிறகு கடலைப் பார்த்து உட்கார்ந்து அவருக்கு நான் எங்கள் துறையின் மிக அழகான யோசனையைச் சொன்னேன்.

ஒருமுறை பயன்படுத்திய கற்றையை என்ன செய்வோம்? ஒரு பெரிய உலோகக் கட்டியில் மோதவிடுவோம். கொடுத்த ஆற்றல் எல்லாம் அங்கே சூடாகும். மோரி டிக்னர் என்ற அமெரிக்கர் 1965-ல் வேறு வழி சொன்னார். வேலை முடிந்த எலெக்ட்ரானைத் திருப்பி அதே அறைகளுக்குள் கொண்டுவா. ஆனால் அலை தள்ளுகிற நேரத்தில் அல்ல, இழுக்கிற நேரத்தில். எலெக்ட்ரான் மெதுவாகும். அது இழந்த ஆற்றல் அலைக்குத் திரும்பும். அந்த அலை அடுத்து வரும் எலெக்ட்ரானைத் தள்ளும்.

"நம்ம புது ட்ரெயின் மாதிரி" என்றேன். த்ரீ-ஃபேஸ் மின்தொடர்களில் பிரேக் போடும்போது மோட்டாரே ஜெனரேட்டராக மாறி, மேலே உள்ள கம்பிக்குக் கரண்டைத் திருப்பி அனுப்பும். செங்கல்பட்டில் நிற்கப்போகிற ரயில், பின்னால் வருகிற ரயிலுக்குக் கொடுத்துவிட்டு நிற்கும்.

அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகமும் புரூக்ஹேவன் ஆய்வகமும் சேர்ந்து இதைச் செய்து காட்டின. 2019 டிசம்பரில் எலெக்ட்ரான்களை நான்கு சுற்று ஏற்றி, நான்கு சுற்று இறக்கினார்கள். 60 லட்சம் எலெக்ட்ரான்வோல்ட்டில் நுழைந்தவை 15 கோடி வரை போய், மறுபடி 60 லட்சத்துக்கு இறங்கி வெளியேறும். நடுவில் கொடுத்தது முழுக்கத் திரும்பி வருகிற ஏற்பாடு. ஏறுகிற கற்றையையும் இறங்குகிற கற்றையையும் ஒரே குழாயில் வளைத்தவை நிலைக்காந்தங்கள்.

அப்பா கொஞ்ச நேரம் யோசித்தார். "செம்புச் சுவர் தின்னுமே?"

"செம்பு இல்ல, நியோபியம். மீக்கடத்தி. ஒரு கோயில் மணியை அப்படிச் செய்ய முடிஞ்சா, ஒரு தடவை அடிச்சா அதோட ஓசை மூணுல ஒரு பங்காக் கொறையவே ரெண்டு மாசத்துக்கு மேல ஆகும்."

"அப்ப பக்கத்து ரூமுல?"

இந்த முறை என்னிடம் பதில் இருந்தது. நியோபியத்தை மைனஸ் 271 டிகிரியில் வைக்க வேண்டும். அங்கே ஒரு வாட் சூட்டை எடுக்க, வெளியே முக்காலிலிருந்து ஒரு கிலோவாட் வரை செலவாகும். அதனால்தான் நியோபியத்தின் மேல் வெள்ளீயம் சேர்ந்த ஒரு பூச்சைப் பூசி, இரண்டு டிகிரி குறைவான குளிரிலேயே ஓட்டப் பார்க்கிறார்கள். அந்த இரண்டு டிகிரியில் குளிரூட்டும் செலவு வெகுவாகக் குறையும். பெரிய ஹீலியம் ஆலைக்குப் பதில் சிறிய குளிரூட்டியே போதும் என்கிற நிலை வரலாம். அப்போது சிறியதும் சிக்கனமானதும் ஒரே சாதனமாகும்.

"ரெண்டு டிகிரிதானா?"

"ரெண்டே டிகிரி."

"நல்ல வேலைதான்" என்றார். ஆறு வருடத்தில் முதல்முறை.

*

திரும்பி வந்து என் வடிவத்தை 2 மீட்டருக்கே நீட்டினேன். குவிக்கும் மின்காந்தங்களில் முடிந்தவற்றை நிலைக்காந்தங்களாக்கினேன். பிளக்கில் 25 கிலோவாட் இருந்தது 13-க்குக் கீழே வந்தது. கற்றை அதே 200 வாட். இன்னமும் நூற்றுக்கு ஒன்றரைதான். ஆய்வேட்டின் பண்புகள் அட்டவணையில் முதல் வரியாக 'பிளக்கிலிருந்து எடுக்கும் மின்சாரம்' என்று சேர்த்தேன். எனக்கு நெருக்கமான ஒருவர், "இதை முதல்ல போட்டா ஏன்னு கேப்பாங்க. ஒரு மீட்டர்னு சொன்னதுதானே உன் அடையாளம்?" என்றார். அவர் சொன்னதில் உண்மை இருந்தது. ஒரு மீட்டர் போஸ்டருக்கு நின்றவர்கள் இரண்டு மீட்டர் போஸ்டருக்கு நிற்கவில்லை. அடுத்த வேலைக்கான விண்ணப்பங்களில் அந்த வித்தியாசம் தெரிகிறது. வரியை எடுக்கவில்லை.

போன மாதம் ஊருக்கு வந்தேன். கடையில் அப்பா ஒரு ஐந்து ஹெச்.பி. மோட்டாரை ஓட்டிவிட்டுக் கையை வைத்திருந்தார். பத்து தாண்டியது. இருபது தாண்டியது. நல்லாக் கட்டியிருக்கார் என்று நினைத்தேன். கையை எடுத்தபோது உள்ளங்கை சிவந்திருந்தது. ஓரத்தில் தோல் வெளுத்துக் கொப்புளம் எழும்பத் தொடங்கியிருந்தது.

"அப்பா!"

அவர் கையைப் பார்த்தார். பிறகுதான் இழுத்துக்கொண்டார். சர்க்கரை வந்து பன்னிரண்டு வருடம். விரல்கள் மரத்துப்போவதாக டாக்டர் சொல்லி ஒரு வருடம் ஆகிறதாம். எங்களிடம் சொல்லவில்லை. கொஞ்ச நாளாக டாங் டெஸ்டரை அடிக்கடி எடுப்பதன் காரணம் அப்போதுதான் புரிந்தது. வாடிக்கையாளருக்காக அல்ல.

தண்ணீரில் கையைப் பிடித்துக் காட்டினேன். மருந்து போட்டேன். மோட்டார் ஓடிக்கொண்டே இருந்தது. அதை வாங்கிப்போக வந்தவர் வாசலில் நின்றிருந்தார்.

"இப்பல்லாம் எனக்குத் தெரியறதில்லம்மா. நீ கை வச்சுப் பாரு" என்றார்.

வைத்தேன். எண்ணினேன். ஆறில் எடுத்துவிட்டேன்.

"ஆறு" என்றேன்.

"பேரிங்கா இருக்கும். நிறுத்து, பிரிச்சிடலாம்" என்று சொல்லிவிட்டு ஸ்பானரை எடுத்து என் கையில் கொடுத்தார்.